பந்துக்குத் தலையைக் கொடுக்கலாமா?

ஜெஃப் ஆஸ்ல் என்ற பெயரைச் சொன்னால், இங்கிலாந்தின் வெஸ்ட் புரோம்விச் ஊரில் இன்றும் பெரியவர்களின் முகம் மலரும். ரசிகர்கள் அவரை ‘ராஜா’ என்றே அழைத்தார்கள். உயரத்தில் வரும் பந்தை எம்பி எழுந்து, நெற்றியால் முட்டி வலைக்குள் தள்ளுவதில் கில்லாடி. 1968-ல் வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் எவர்ட்டன் அணியைச் சாய்த்த ஒரே கோல் அவருடையதுதான். வேடிக்கை என்னவென்றால், தலைக்குப் பேர்போன அந்த மனிதர் அந்தக் கோலை அடித்தது இடது காலால்!

ஆட்டத்தை விட்ட பிறகு ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்தினார். டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் ஜாலியாகப் பாட்டுப் பாடினார். மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. ஐம்பதுகளின் நடுவில் மறதி எட்டிப்பார்த்தது. அது வழக்கமான மறதியாக நிற்கவில்லை. கடைசியில், தான் கால்பந்து ஆடியவன் என்பதே அவருக்கு நினைவில் இல்லாமல் போனது. 2002 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு வயது 59.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மரணங்களை விசாரிக்கத் தனி அதிகாரி உண்டு. ஆஸ்ல் மரணத்தை விசாரித்தவர் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு எழுதினார். மரணத்துக்குக் காரணம், ‘தொழில்சார் நோய்’. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் கரி படிந்து இறந்தால் என்ன எழுதுவார்களோ, அதையே ஒரு கால்பந்து வீரருக்கும் எழுதினார். ஆண்டுக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டியது அவரது மூளையைச் சிதைத்தது என்பது அதன் பொருள்.

அப்படியொரு தீர்ப்பு வந்தால் நாடே அதிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வு நடத்துவோம் என்ற பேச்சு கிடப்பில் போனது. 2014-ல்தான் விஷயம் மறுபடி கிளம்பியது. கிளாஸ்கோ நகரத்து நரம்பு நோயியல் நிபுணர் வில்லி ஸ்டூவர்ட், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த ஆஸ்லின் மூளையை மறுபடி ஆராய்ந்தார். அதில் இருந்தது, குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் அதே நோய். மகள் டான் ஆஸ்ல் வீதிக்கு வந்தார். வெஸ்ட் புரோம்விச் ஆடும் ஆட்டங்களில், ஆஸ்ல் அணிந்த 9-ம் எண் சட்டையின் நினைவாக, ஒன்பதாவது நிமிடத்தில் அரங்கமே எழுந்து கைதட்டியது. நியாயம் கேட்ட கைதட்டல் அது.

கோல் கீப்பருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

அந்தக் கைதட்டலுக்குப் பதிலாக ஓர் ஆய்வு வந்தது. வில்லி ஸ்டூவர்ட்டின் குழு, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்தது. அதே வயது, அதே போன்ற பொருளாதார நிலையில் உள்ள 23,028 சாதாரண ஆட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. மூளை தேய்ந்து போகும் நோய்களால் இறப்பது வீரர்களிடம் ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம். அல்ஸைமர் நோய் மட்டும் என்று பார்த்தால் ஐந்து மடங்கு.

இதைப் படித்ததும் பிள்ளையின் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட வேண்டாம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மாரடைப்பு, நுரையீரல் புற்றுநோயால் இறப்பது வீரர்களிடம் குறைவு. ஓடியாடி விளையாடுவது உடம்புக்கு நல்லது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. சிக்கல் தலையில் வாங்கும் இடியில் இருக்கிறது.

அது எப்படி நிச்சயமாகத் தெரியும்? வீரர்களின் குடிப்பழக்கமோ, வேறு ஏதாவதோ காரணமாக இருக்கக் கூடாதா? 2021-ல் அதே குழு, எந்த இடத்தில் நின்று ஆடியவர்கள் என்று பிரித்துப் பார்த்தது. நாள் முழுக்க உயரப் பந்துகளை முட்டித் தள்ளும் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல் கீப்பர்களுக்கோ, சாதாரண ஆட்களைவிடக் குறிப்பிடும்படி அதிகம் இல்லை. ஒரே அணி, ஒரே சாப்பாடு, ஒரே சம்பளம், ஒரே பஸ் பயணம். கோல் கீப்பர் பந்தைக் கையால் பிடிக்கிறார், மற்றவர்கள் தலையால் முட்டுகிறார்கள். எத்தனை ஆண்டு அதிகமாக ஆடினார்களோ, அந்த அளவுக்கு ஆபத்தும் கூடியிருந்தது.

“அதெல்லாம் அந்தக் காலத்துத் தோல் பந்து சார், கல்லு மாதிரி இருக்கும். இப்போ பந்து லைட்டா வந்துடுச்சு” என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மழையில் நனைந்தால் பழைய பந்து தண்ணீர் குடித்துக் கனக்கும். காய்ந்த பந்தின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. விதிப்படி இன்றும் 410-லிருந்து 450 கிராம்தான். நனையாத இன்றைய பந்து இன்னும் வேகமாக வருகிறது, அவ்வளவுதான்.

தூக்குச்சட்டித் தயிர்

மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. எவர்சில்வர் தூக்குச்சட்டியில் கெட்டித் தயிரை உறைய வைத்து, மூடி போட்டு, பஸ்ஸில் எடுத்துப் போனவர்களுக்குத் தெரியும். டிரைவர் சடாரென்று பிரேக் போடுகிறார். சட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே தயிர் உடைந்து நீர் விட்டிருக்கும்.

மண்டையோடு என்பது தூக்குச்சட்டி. மூளை அந்தத் தயிர் போலவே மிருதுவானது. அதைச் சுற்றிக் கொஞ்சம் திரவம். தலை சட்டென்று நிற்கும்போதும், முக்கியமாகத் திருகித் திரும்பும்போதும், மூளை உள்ளே குலுங்கி இழுபடுகிறது. ஹெல்மெட் போட்டால் மண்டை உடையாது, வெட்டுக்காயம் படாது. உள்ளே நடக்கும் குலுக்கலை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. ஹெல்மெட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஹெல்மெட் இருக்கிறது என்ற தைரியத்தில் தலையை முன்னே நீட்டி மோதுவதுதான் ஆபத்து.

இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்கன் ஃபுட்பால். பெயர்தான் ஃபுட்பால்; கையில் பந்தை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டி, ஆளோடு ஆள் முட்டும் ஆட்டம். பிட்ஸ்பர்க் அணிக்கு நான்கு சூப்பர் பௌல் கோப்பைகள் வாங்கித் தந்த மைக் வெப்ஸ்டர், 2002-ல் 50 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் தூக்கமில்லை, நிதானமில்லை, நிலையான இருப்பிடமில்லை. அவர் உடலைப் பரிசோதித்தவர் பென்னட் ஒமலு. நைஜீரியாவிலிருந்து வந்த இளம் மருத்துவர். அந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மூளை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒமலு விடவில்லை. மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். மூளை மடிப்புகளின் அடியில், சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றி, டாவ் என்ற புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தது. மூளை குலுங்கும்போது அதிகமாக இழுபடும் இடமும் அந்த மடிப்புகளின் அடிதான்.

அந்த நோயின் பெயர் சி.டி.இ. உயிரோடு இருப்பவருக்கு ஸ்கேன் எடுத்து உறுதியாகச் சொல்ல இன்றைக்கும் வழியில்லை; இறந்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும். பிள்ளைகள் விஷயத்தில் முன்ஜாக்கிரதை தவிர வேறு மருந்து இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ என்ற பெண் மருத்துவரின் தலைமையில், குடும்பங்கள் தானமாகக் கொடுத்த விளையாட்டு வீரர்களின் மூளைகளை வைத்து ஒரு வங்கியே நடக்கிறது. 30 வயது ஆவதற்குள் பல்வேறு காரணங்களால் இறந்துபோன 152 பேரின் மூளைகளைப் பற்றி 2023-ல் ஓர் அறிக்கை வந்தது. அவர்களில் 63 பேருக்கு சி.டி.இ. இருந்தது. அந்த 63 பேரில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி அளவில் ஆடியவர்களே தவிர, கோடிகளில் சம்பளம் வாங்கிய நட்சத்திரங்கள் அல்ல. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்திருப்பார்கள். அதனால், ஆடும் பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்கு நோய் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆனால் முப்பது வயதுக்குள் இந்த நோய் தொடங்க முடியும் என்பது இனி வாதத்துக்குரிய விஷயமல்ல.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. “எம் புள்ள ஒரு தடவைகூட மயங்கி விழுந்ததில்லையே” என்பது ஆறுதல் இல்லை. 631 அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களின் மூளைகளை ஆராய்ந்தவர்கள், எத்தனை தடவை தலைக்காயம் என்று டாக்டர் சொன்னார் என்ற எண்ணிக்கைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆண்டுக்கணக்கில் தலை வாங்கிய மொத்த அடிகள், அவற்றின் வேகம், இந்த இரண்டின் கூட்டுத்தொகையே நோயோடு பொருந்தி வந்தது. மயக்கம் இல்லை, வலி இல்லை, பயிற்சி முடிந்து பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறான். அப்படிப்பட்ட சின்னச் சின்ன இடிகள்தான் சிறுசேமிப்பு மாதிரி சேர்ந்துகொண்டே போகின்றன.

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஒரு சோதனை. கார்னரில் இருந்து வருவது போல இயந்திரம் பந்தைத் தள்ளும்; ஆட்டக்காரர்கள் 20 தடவை தலையால் முட்ட வேண்டும். முடிந்த கையோடு ஞாபகப் பரீட்சை வைத்தார்கள். மதிப்பெண் 41-லிருந்து 67 சதவிகிதம் வரை இறங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சின்ன சோதனைதான், 19 பேர்தான். ஆனாலும் மறுநாள் கணக்குப் பரீட்சை இருக்கும் பிள்ளையின் அம்மா இதை மறக்கமாட்டார்.

ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில்

குழந்தைகளுக்கு ஏன் கூடுதல் கவனம்? எட்டு வயதுப் பிள்ளையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசை மெல்லியது. பந்து படும்போது தலை அதிகமாக ஆடும். மூளையின் நரம்பு இழைகளுக்கு உறை போடும் வேலையும் அந்த வயதில் முடிந்திருக்காது. அது இருபது வயதைத் தாண்டியும் நடக்கிற வேலை. தவிர, சின்னப் பிள்ளைக்கு ‘எனக்குத் தலை ஒரு மாதிரி இருக்கு’ என்று சரியாகச் சொல்லவும் வராது. சொன்னால் ஆட்டத்தில் இருந்து எடுத்துவிடுவார்களே என்ற பயம் வேறு.

அதனால்தான் விதிகள் மாறத் தொடங்கின. வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, 2015-ல் அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுவதற்குத் தடை போட்டது. 11-லிருந்து 13 வயது வரை, பயிற்சியில் அளவோடுதான். 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கால்பந்து அமைப்புகள், ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டர் கிடையாது என்றன. சிறுவர்கள் மட்டுமல்ல; 2021-ல் இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்களுக்கே, வேகமான பந்தை முட்டுவது வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று பயிற்சிக்கு வரம்பு வந்தது.

பெரும்பாலும் பயிற்சியைக் குறிவைத்தே இருப்பதைக் கவனித்தீர்களா? காரணம் எளிமையானது. சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் பந்து தலை உயரத்துக்கு வருவதே அபூர்வம். பயிற்சியில்தான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் பந்தை வீச, ஒவ்வொருவராக ‘டங், டங்’ என்று முட்டிக்கொண்டே போவார்கள். ஆட்டத்தில் ஒரு இடி என்றால், பயிற்சியில் முப்பது. ஆட்டத்தின் சுவையைக் கொஞ்சமும் கெடுக்காமல் குறைக்க முடிந்த இடிகள் இவை.

“பயிற்சி இல்லாமல் ஆட்டத்தில் எப்படி ஜெயிப்பது?” என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிக் கதை போதும். அங்கே ஃபுட்பால் பயிற்சியாளர் பட்டி டீவென்ஸ், 2010-ல் ஒரு முடிவெடுத்தார். இனிமேல் பயிற்சியில் தன் பிள்ளைகள் ஒருவரையொருவர் மோதி வீழ்த்தக் கூடாது. ஆளை ஆள் முட்டித் தள்ளுவதே அந்த ஆட்டத்தின் உயிர். அதைப் பயிற்சியில் செய்யாதே என்றால், நீச்சல் குளத்தில் இறங்காமல் நீந்தக் கற்றுக்கொள் என்பது போல. கேலி பேசாதவர்கள் யார்! டீவென்ஸ் மெத்தைகளிலும் பொம்மைகளிலும் மோதப் பழக்கினார். பிறகு கல்லூரியின் பொறியியல் மாணவர்களோடு சேர்ந்து, ரிமோட்டில் ஓடும் பொம்மையையே செய்துவிட்டார்கள். பிள்ளைகள் அதைத் துரத்தித் துரத்தி வீழ்த்திப் பழகினார்கள். 2015-ல் டார்ட்மத் தன் லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு, அந்த லீக்கின் எட்டுக் கல்லூரிப் பயிற்சியாளர்களும் ஒருமனதாக அதே வழிக்கு வந்தார்கள்.

கனடாவில் இன்னொரு விதமாக இது நிரூபணமானது. ஐஸ் ஹாக்கியில் உடம்பால் இடித்துத் தள்ளுவது 11-12 வயதுப் பிள்ளைகளுக்கு ஆல்பெர்ட்டா மாகாணத்தில் அப்போது அனுமதி இருந்தது. கியூபெக்கில் அனுமதி இல்லை. இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியான ஆய்வில், இடிக்கலாம் என்ற மாகாணத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்காயம் மூன்று மடங்குக்கு மேல். மூன்று ஆண்டுகளில் கனடா முழுவதும் அந்த வயதில் இடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ரோவன் கைபேசியில் தேடியது

சேர்ந்து சேர்ந்து வரும் ஆபத்து ஒன்று. சேரக் காத்திருக்காத ஆபத்து இன்னொன்று.

கனடாவின் ஒட்டாவா நகரில் ரோவன் ஸ்டிரிங்கர் 17 வயதுப் பெண். பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் நடந்த ஆட்டங்களில் தலையில் அடிபட்டது. தலைவலி இருந்தது. தனக்கு வந்திருப்பது கன்கஷனாக இருக்குமோ என்று கைபேசியில் தேடிப் பார்த்தாள். தோழிக்கு அதைப் பற்றி மெசேஜும் அனுப்பினாள். பெற்றோரிடமோ பயிற்சியாளரிடமோ சொல்லவில்லை. மறுபடி ஆடப் போனாள். மே 8 அன்று நடந்த ஆட்டத்தில் தூக்கி வீசப்பட்டுத் தலையில் அடிபட்டு விழுந்தவள் கண் திறக்கவில்லை. நான்கு நாள் கழித்து உயிர் பிரிந்தது. அன்றைக்கு அன்னையர் தினம்.

கன்கஷன் என்பது மூளை அதிர்ச்சி. மயக்கம் வந்தால்தான் கன்கஷன் என்று நினைப்பது தவறு. பெரும்பாலோருக்கு மயக்கமே வருவதில்லை. ஸ்கேனிலும் தெரியாது. அதிர்ச்சியில் இருக்கும் மூளை, தன் ரத்த ஓட்டத்தையும் சக்தியையும் சரிப்படுத்திக்கொள்ளத் தடுமாறும் நேரம் அது. அந்த நேரத்தில் இன்னொரு அடி பட்டால், லேசான அடியாக இருந்தாலும், மூளை கட்டுக்கடங்காமல் வீங்கிவிடலாம். அபூர்வம்தான். ஆனால் நடப்பது பெரும்பாலும் இளம் பிள்ளைகளுக்கு.

ரோவனின் பெற்றோர் மகளின் கைபேசியில் இருந்ததை ஊரறியச் சொன்னார்கள். விசாரணை நடந்தது. 49 பரிந்துரைகள் வந்தன. 2018-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘ரோவன் சட்டம்’ பிறந்தது. 26 வயதுக்குக் கீழே உள்ள விளையாட்டு வீரர்கள், 18-க்குக் கீழே என்றால் அவர்களது பெற்றோர், பயிற்சியாளர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் கன்கஷன் பற்றிய குறிப்பைப் படித்தாக வேண்டும். சந்தேகம் வந்த அந்த நொடியே பிள்ளையை ஆட்டத்தில் இருந்து எடுத்தாக வேண்டும். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் மகனை சாக்கருக்கும் மகளைக் கூடைப்பந்துக்கும் சேர்க்கும் தமிழ் அம்மா, அப்பாக்கள் சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தாளைப் படித்தேன் என்று ஒப்புக்கொள்கிறார்களே, அது ரோவனின் தாள். அவசரத்தில் படிக்காமலே ஒப்புக்கொள்பவர்களும் இருக்கலாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்துவிடுவது நல்லது.

அப்படியொரு தாள் கைக்கு வராத ஊரில், பெற்றோரே அந்தத் தாளாக இருக்க வேண்டியதுதான்.

அடிபட்ட பிள்ளை எழுந்து நின்று, “ஒண்ணும் இல்ல சார், நான் ஆடறேன்” என்பான். அவன் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது. முழிப்பது ஒரு மாதிரி இருக்கிறதா, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறானா, ஸ்கோர் என்ன என்றால் தடுமாறுகிறானா, நடை தள்ளாடுகிறதா, வெளிச்சம் கூசுகிறது என்கிறானா, காரணமில்லாமல் எரிச்சல்படுகிறானா, அழுகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு மறுபடி இறங்குவது என்ற பேச்சே கிடையாது. பிரிட்டனில் 2023-ல் வந்த பொது வழிகாட்டல் இதைத்தான் சொல்கிறது. சந்தேகமா, உட்கார வை.

வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, வலிப்பு, பேச்சு குழறுவது, கை கால் மரத்துப்போவது, எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம், கண்ணின் இரண்டு பாப்பாவும் வெவ்வேறு அளவில் தெரிவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிவது, கழுத்தில் கடும் வலி, எதற்கும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி.

இவை எதுவும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றால், பிள்ளையைத் தூங்க விடலாம். ‘தூங்கவே விடாதே’ என்று ராத்திரி முழுக்கத் தட்டித் தட்டி எழுப்புவது பழைய பழக்கம். அதேபோல, ஒரு வாரம் இருட்டறையில் படுக்க வைப்பதும் பழங்கதை. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, கைபேசியும் டி.வி.யும் குறைவு, மெதுவான நடை. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்டுக் கொடுப்பது உத்தமம், ஆஸ்பிரின் வேண்டாம். முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் மைதானம். பாடம் படித்தால் தலை வலிக்கிறது என்கிற பிள்ளை, பந்தை உதைக்கத் தயாராகவில்லை. அந்த பிரிட்டன் வழிகாட்டலில் போட்டிக்குத் திரும்ப வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு 21 நாள். அரையிறுதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கணக்கு மாறாது.

அடிபடுவதற்கு முன்பே செய்ய வேண்டியதும் இருக்கிறது. கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பயிற்சியாளரிடம் பணிவாகவே கேட்கலாம். “சார், இந்த வயசுப் பசங்களுக்கு ஹெட்டர் பழக்கறீங்களா? வாரத்துக்கு எத்தனை?” பத்து வயதுப் பிள்ளைகள் ஆடுவது நான்காம் எண் பந்தா, பெரியவர்களின் ஐந்தாம் எண் பந்தா என்றும் பார்க்கலாம். ஒரே பந்தை ஆறாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சுற்றுக்கு விடும் பள்ளி என்றால், பிறந்த நாளுக்கு ஒரு சின்னப் பந்து வாங்கிக் கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும். எம்பும் நேரம், நெற்றியின் எந்த இடம் என்பதையெல்லாம் ஸ்பாஞ்ச் பந்திலோ பலூனிலோ பழகிக்கொள்ளலாம். முறை கைவந்துவிடும், மூளைக்கு இடி இல்லை.

கபடி ஆடும் பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. பாடி வருபவரின் காலைப் பிடிக்கப் பாயும்போது முட்டியும் தலையும் மோதும். இரண்டு பேர் சேர்ந்து பாய்ந்தால் தலையும் தலையும். பிடிக்கும்போது தலையைக் குனிந்து முன்னால் கொடுக்காமல், நிமிர்த்தி எதிராளியின் பக்கவாட்டில் வைக்கப் பழக்கலாம். முரட்டுப் பிடிகளை வாரம் முழுக்கப் பழகாமல் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். குத்துச்சண்டையில் தலையே இலக்கு என்பதால், தலைக்குக் குத்து விடும் பயிற்சிச் சண்டையை எத்தனை வயதில் தொடங்குகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்டுக்கொண்ட பிறகே பிள்ளையைச் சேர்க்க வேண்டும். பையிலும் மிட்டிலும் குத்திப் பழகுவதற்கு எந்த வயதும் தடையில்லை.

கேட்டதும் சில பயிற்சியாளர்கள் முகம் சுளிக்கலாம். “நாங்கல்லாம் அந்தக் காலத்துல...” என்று ஆரம்பிப்பார்கள். நல்ல பயிற்சியாளர் என்றால், தன் பையன்களில் யார் யார் போன வாரம் தலையில் வாங்கினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். நோட்டு இல்லாவிட்டால், அன்றைக்கே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம். நாற்பது பக்க நோட்டு போதும்.